பூனைக்குக் கருத்தடை: சினையாக இருந்தால்?

கேள்வி: மாடிக்கு வந்து ஒட்டிக்கொண்ட பெண் பூனைக்கு ஒரு வயதுக்குள்தான் இருக்கும். மூன்று வாரத்துக்கு முன் இரவெல்லாம் கத்தியது, பிறகு அடங்கிவிட்டது. இப்போது காம்புகள் சிவந்து தெரிகின்றன. கருத்தடை ஆபரேஷனுக்கு நாள் வாங்கியிருக்கிறேன். தள்ளிப்போடவா?
- வாசகி, பெரம்பூர்

பதில்: தள்ளிப்போட வேண்டாம். ஆனால் சந்தேகத்தை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் சினைக்குத்தான் பொருந்துகின்றன. இணையாத பூனை பொதுவாக இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி பருவத்துக்கு வந்து கத்தும். காம்பு சிவப்பதும் மூன்றாவது வாரவாக்கில்தான். ஆனால் கரு தங்காத பொய்ச்சினையிலும் கத்தல் நின்றுபோகும் என்பதால் ஸ்கேன் எடுப்பதே உறுதி. நாலாவது வாரத்தில் குட்டிகளின் இதயத்துடிப்பே அதில் தெரியும். எக்ஸ்ரே இப்போது பயன்படாது. எலும்பு தெரிய ஆறு வாரமாவது ஆக வேண்டும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். வயிற்றை நீங்களே அமுக்கிப் பார்க்காதீர்கள். கர்ப்பப்பையில் சீழ் கட்டினாலும் வயிறு உப்பும். அழுத்தினால் அது கிழியக்கூடும்.

சினைக்காலம் ஏறக்குறைய 63 முதல் 65 நாள். முதல் பாதியில் ஆபரேஷன், சாதாரணக் கருத்தடையைவிடச் சற்றுத்தான் கடினம். கரு வளர வளரக் கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் தடிக்கும். வெட்டு நீளும், மயக்க நேரம் கூடும், ரத்தம் அதிகம் போகும். கடைசி இரண்டு வாரத்தில் பல டாக்டர்கள் 'ஈன்றபின் வாருங்கள்' என்பார்கள். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: கர்ப்பப்பையோடு கருக்களும் போய்விடும். அதற்கு மனம் ஒப்பவில்லையென்றால் ஈனவிட்டு, குட்டிகள் பால் மறந்தபின், அதாவது எட்டு வாரம்போல் கழித்துச் செய்யலாம். அதுவரை கதவு மூடியே இருக்கட்டும். பால் கொடுத்துக்கொண்டே மறுபடி சினையாகிவிடும்!

ஆபரேஷனுக்கு முன் எத்தனை மணி நேரம் பட்டினி என்பதை டாக்டர் சொல்வார். வளர்ந்த பூனைக்குப் பெரும்பாலும் எட்டு மணி நேரம். பிறகு 10 முதல் 14 நாள், தையலை நக்காமலிருக்க, கழுத்தில் கோன் (புனல் போன்ற காப்பு). மொட்டைமாடி வெயிலில் விடாமல் நிழலான அறையில் வைத்திருங்கள். சினையில் செய்தால் சில பூனைகளுக்கு மடியில் பால் கட்டும். பிழியாமல் விட்டால் தானே வற்றும். ஈறு வெளுத்தாலோ, தையலில் ரத்தம் சொட்டினாலோ, மறுநாளும் சாப்பிடாவிட்டாலோ உடனே காட்டுங்கள். வலிக்கிறதே என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள், அரை மாத்திரையே உயிரைப் பறிக்கும்.

கேள்வி: ஆபரேஷன் இல்லாமல், கத்தாமலிருக்க ஊசியோ மாத்திரையோ போட்டால் போதாதா?
- வாசகர், மடிப்பாக்கம்

பதில்: அந்த ஹார்மோன் மருந்துகளைத் தொடர்ந்து கொடுத்தால் கர்ப்பப்பையில் சீழ், மார்புக்கட்டி, சர்க்கரை நோய் எல்லாம் வரலாம். ஏற்கெனவே சினையாக இருந்தால் பிரசவம் தள்ளிப்போய்க் குட்டிகள் உள்ளேயே இறக்கவும் கூடும். சென்னையில் எந்த மாதமும் பகல் நேரம் பெரிதாகக் குறைவதில்லை; பூனைக்குப் பருவம் நிற்கும் மாதம் என்று ஒன்றும் இல்லை. எத்தனை காலம் ஊசி போட்டுக்கொண்டிருப்பீர்கள்?