ஆரஞ்சுக் கோடு எங்கிருந்து வருகிறது? - பிலிம் கேமரா கேள்வி பதில்

கே: பழைய எஸ்எல்ஆர் கேமராவில் கலர் பிலிம் போட்டால் ஆரஞ்சுக் கோடுகள் விழுகின்றன. லென்ஸை மாற்றியும் போகவில்லை. என்ன செய்வது?

ப: பிரிண்டை விட்டுவிட்டு நெகட்டிவைப் பாருங்கள். கறை படச் சட்டத்தைத் தாண்டி ஓரத் துளைகள் வரை போயிருந்தால், வெளிச்சம் பின்மூடி வழியாக நுழைகிறது. சட்டத்துக்குள்ளேயே நின்றால் ஷட்டர் திரையைச் சந்தேகிக்க வேண்டும். ஆரஞ்சு என்பதால் பின்மூடியாகத்தான் இருக்கும். பிலிமின் பின்பக்கம் படும் ஒளி, சிவப்பை உணரும் அடுக்கைத்தான் முதலில் தொடும்.

பின்மூடி அமரும் காடியில் இருக்கும் கறுப்பு ஃபோம் வருடக்கணக்கில் தார்போல இளகிவிடும். ஷட்டர்மேல் துகள் விழாதபடி ஒரு காகிதத்தை வைத்து மூடிக்கொண்டு, பல்குத்தும் குச்சியால் பழையதைச் சுரண்டுங்கள். மிச்சப் பிசினை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தெடுங்கள். பஞ்சு சொட்டச் சொட்ட நனையக் கூடாது. காடியில் கறுப்புக் கம்பளி நூலை ஒட்டலாம். கீல் பக்கம் 2 மில்லிமீட்டர் ஃபோம் வேண்டும். தடிமன் கூடினால் மூடி சரியாகப் பூட்டாது, அந்த இடுக்கில் மறுபடி வெளிச்சம் கசியும். அவசரப்பட்டு நல்ல பிலிம் போடாதீர்கள். காலாவதியான சுருளைப் போட்டு, லென்ஸை மூடி, வெயிலில் அரை மணி நேரம் திருப்பித் திருப்பி வைத்துக் கழுவிப் பாருங்கள்.

கே: கேமராவின் ஒளிமானிக்கான 1.35 வோல்ட் மெர்க்குரி பேட்டரி கிடைப்பதில்லை. 1.5 வோல்ட் அல்கலைன் போட்டால் படம் இருண்டுவிடுகிறது. ஐஎஸ்ஓவை (பிலிமின் ஒளியுணர்திறன் எண்) குறைத்து வைத்தால் போதுமா?

ப: போதாது. அல்கலைனின் மின்னழுத்தம் தீரத் தீர இறங்கும். இன்றைய திருத்தம் அடுத்த மாதம் தப்பாகிவிடும். காது கேட்கும் கருவிக்கான 675 எண் ஜிங்க்-ஏர் பேட்டரி சுமார் 1.4 வோல்ட்டில் நிலையாக நிற்கும். விட்டம் சிறியது என்பதால் சுற்றி ஒரு ரப்பர் வளையம் மாட்டுங்கள். அதன் காற்றுத் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

கே: வீட்டிலேயே ஊசித்துளை கேமரா செய்கிறேன். துளை எவ்வளவு பெரிதாக இருக்கலாம்?

ப: துளைக்கும் பிலிமுக்கும் இடையே 50 மில்லிமீட்டர் என்றால் 0.3 மில்லிமீட்டர். குளிர்பான டப்பாத் தகட்டில் ஊசிமுனையை மெல்ல அழுத்தி, பின்பக்கம் எழும் பிசிறை 1000 எண் உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி ஊசியால் துளையைச் சுத்தம் செய்யுங்கள். கண்ணளவை நம்பாதீர்கள். தகட்டை 2400 டிபிஐயில் (அங்குலத்துக்கு 2400 புள்ளி) ஸ்கேன் செய்தால் 0.3 மில்லிமீட்டர் துளை ஏறக்குறைய 28 பிக்சல் அகலம் காட்டும். 50-ஐ 0.3-ஆல் வகுத்தால் இதன் எஃப் எண் (ஒளித்துளை அளவு) சுமார் 167. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100 பிலிமுக்குக் கணக்குப்படி 1 நொடி. நீண்ட ஒளிபடலில் பிலிமின் உணர்திறன் குறையும் என்பதால் 2 நொடி கொடுங்கள்.