நல்லாச் சாப்பிடுகிறவர்களுக்கும் விற்றமின் குளிசை வேண்டுமா?

கனடாவில் இருந்து வந்த பெரியம்மா மல்டிவிற்றமின், கொட் லிவர் ஒயில், கல்சியம், இரும்புச்சத்து என்று நாலு போத்தல் தந்துவிட்டுப் போயிருக்கிறார், வீட்டில் மீன், கீரை எல்லாம் ஒழுங்காகச் சமைக்கிறோம், இதையும் எடுத்தால் இன்னும் நல்லதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டொக்டர் இல்லை. வெள்ளவத்தையில் பாதி வீடுகளின் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே இதே போத்தல்கள்தான் நிற்கும், எங்கள் வீட்டிலும்.

நாலையும் ஒன்றாகத் தொடங்க வேண்டாம். முதலில் போத்தலைத் திருப்பிப் பின்பக்கத்தை வாசியுங்கள். கொட் லிவர் ஒயிலில் விற்றமின் ஏ-யும் டி-யும் இருக்கு, மல்டிவிற்றமினிலும் இருக்கும், கல்சியத்தோடும் அனேகமாக டி3 சேர்த்திருப்பார்கள். அப்போ ஒரே டி-யை மூன்று போத்தலில் இருந்து விழுங்குகிறீர்கள். விற்றமின் சி கூடினால் பெரும்பாலும் சிறுநீரோடு போய்விடும், ஆனால் ஏ-யும் டி-யும் கொழுப்பில் கரைகிறவை, உடம்பிலேயே தேங்கும். டி பெரியவர்களுக்கு நாளுக்கு 600 ஐயூ (போத்தலில் IU என்று போட்டிருக்கும் அளவு) போதும், 4000-ஐத் தாண்டுவது டொக்டர் சொன்னால் மட்டும். வீட்டில் யாரும் கர்ப்பமாக இருந்தால் கொட் லிவர் ஒயில் அவருக்கு வேண்டவே வேண்டாம், அதிலுள்ள ஏ கூடினால் பிள்ளையைப் பாதிக்கும்.

அடுத்தது இரும்பு. நம் ஆட்கள் காலைச் சாப்பாட்டோடு குளிசையைப் போட்டு மேலே ஒரு பால்தேத்தண்ணி குடிப்பார்கள், அதோடு அந்தக் குளிசையில் பாதி வீண். தேயிலையின் தனின் இரும்பைப் பிடித்துக் கொள்ளும், கல்சியமும் தடுக்கும். தேத்தண்ணிக்கு ஒன்றிரண்டு மணித்தியாலம் இடைவெளி விடுங்கள், தேசிக்காய்த் தண்ணியோடு குளிசையைப் போடுங்கள். வல்லாரைச் சம்பலுக்குத் தேசிக்காய் பிழிகிறோமே, அந்தப் புளியும் கீரையில் இருக்கிற இரும்பை உடம்பில் சேர்க்க இதே வேலையைத்தான் செய்கிறது. இதெல்லாம் இரும்பு உண்மையிலேயே குறைவு என்றால்தான். ஹீமோகுளோபின் குறைந்தது என்று உடனே இரும்பைத் தொடங்குவது சரியில்லை, தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் குறைபாட்டின் மரபணுவைக் காவுகிறவர்களுக்கும் அது குறைவாகக் காட்டும், இரும்பு போதுமானதாகவே இருக்கலாம். உடம்பில் சேமித்திருக்கிற இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற இரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் அந்தப் போத்தலைப் பூட்டி வையுங்கள், இனிப்பு என்று நினைத்து விழுங்கினால் உயிராபத்து.

கல்சியத்துக்கு நெத்தலிக் கருவாட்டை முள்ளோடு சாப்பிடுகிற, குரக்கன் புட்டும் பாலும் அடிக்கடி எடுக்கிற ஆளுக்கு அவ்வளவு அவசரம் இல்லை. எங்கள் அம்மாவுக்கு தைரொயிட் குளிசை இருப்பதால் அது விடிய வெறும் வயிற்றில், கல்சியம் மத்தியானச் சாப்பாட்டோடு. இரண்டுக்கும் நாலு மணித்தியாலம் தள்ளி இருக்க வேண்டும், இரும்புக்கும் அதே கணக்கு.

அப்போ குளிசையே தேவையில்லையா? சிலருக்குத் தேவைதான். மரக்கறி மட்டும் சாப்பிட்டு பாலும் முட்டையும் தொடாதவர்களுக்கு பி12 சாப்பாட்டில் கிடைக்காது, சீனி வருத்தத்துக்கு மெட்ஃபோமின் கனகாலம் எடுப்பவர்களுக்கும் அது குறையும். பிள்ளை பெற யோசிப்பவர்களுக்கு கருத்தரிக்க முன்னிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அசிட் வேண்டும். அரச கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்கு இரும்பு, ஃபோலிக் அசிட், கல்சியம், திரிபோஷா சத்துமா எல்லாம் இலவசமாகவே கிடைக்கும், அதற்கு மேலே கனடாப் போத்தலையும் போட்டால் இரட்டிப்பு.

வோஃபரின் மாதிரி இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் எந்த விற்றமினையும் டொக்டரிடம் காட்டாமல் தொடக்கூடாது. கிளினிக்குக்குப் போகும்போது போத்தல்களை ஒரு பையில் போட்டுக் கொண்டே போங்கள், 'ஏதோ விற்றமின்' என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் விளங்காது. முடி கொட்டுது என்று பயோட்டின் என்ற விற்றமினை எடுப்பவர்கள் இரத்தம் குத்தக் கொடுக்க முதல் அதையும் சொல்லிவிடுங்கள், தைரொயிட் றிப்போட்டையே அது பிழையாகக் காட்டிவிடும்.