பழ விவசாயிகள் சுற்றுச்சூழலுக்கு உகந்த முறைக்கு மாற எது தூண்டுகிறது?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள பீடோர் போன்ற தோட்டப்புற ஊரில் கொய்யா போடுபவர்களுக்கு முதல் கவலை கைச்செலவுதான். கொய்யாவின் பெரிய எதிரி பழ ஈ. பிஞ்சிலேயே பை மாட்டிவிட்டால் ஈ முட்டையிட முடியாது. பூச்சிமருந்து அடிப்பது வெகுவாகக் குறையும், தோலும் வடுவில்லாமல் வரும். ஒவ்வொரு காயாகக் கட்டுவது இடுப்பொடியும் வேலை. ஆனாலும் செய்கிறார்கள், பலன் அந்த அறுவடையிலேயே கண்ணுக்குத் தெரிகிறதே!

அதனால், கூட்டம் போட்டுப் பேசுவதைவிடப் பக்கத்து நிலத்துக்காரர் செய்து காட்டுவது பெரிது. செம்பனையில் எலியைப் பிடிக்க ஆந்தை தங்கக் கூட்டுப்பெட்டி வைத்ததைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் அந்நியமும் அல்ல.

அப்புறம் சந்தை. நல்ல விவசாய முறைக்கு விவசாய இலாகா தரும் மைகேப் (MyGAP) சான்றிதழ் இருந்தால் பேரங்காடிக்கும் ஏற்றுமதிக்கும் வழி கிடைக்கும். சட்டமும் தள்ளுகிறது: பாராகுவாட் களைக்கொல்லிக்கு 2020 ஜனவரி 1 முதல் தடை.

ஆனால் அதிகம் பேசப்படாத விஷயம் நிலம். சிறு விவசாயிகள் சிலர் அரசு நிலத்தில் தற்காலிக உரிமம் பெற்றுப் பயிரிடுகிறார்கள். அந்த உரிமம் அந்தந்த வருடத்தின் டிசம்பர் 31-ஐத் தாண்டாது, வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அடுத்த வருடம் கையில் இருக்குமா என்றே தெரியாத நிலத்தில் மண்ணை மூடிக் காக்கும் மூடுபயிர் போட்டு, எருக்கொட்டி மண்ணை வளர்க்க யாருக்கு மனம் வரும்? மண் தேற வருடங்கள் பிடிக்கும். மானியம் வேண்டும்தான், சரி. அதற்கு முன்னால் நீண்டகாலக் குத்தகையைக் கொடுங்கள் என்பேன்.