குடும்ப வரலாற்றுப் பாட்டைப் பிள்ளைகளுக்கு விளையாட்டாகச் சொல்லிக்கொடுப்பது எப்படி?

கேள்வி: எங்கள் வீட்டில் எட்டு வயதிலும் ஐந்து வயதிலும் பிள்ளைகள். அம்மம்மா வழி, அவவின் தாய் வழி என்று நாலு தலைமுறையை ஒரு பாட்டாகப் பழக்க விரும்புகிறோம். இரண்டு வரிக்குப் பிறகு ஓடிவிடுகிறார்கள். மட்டக்களப்பு மாவட்டத்தில் களுவாஞ்சிக்குடிப் பக்கம் இருக்கிறோம். என்ன செய்யலாம்?

பதில்:

பாட்டைக் கடைசிக் கண்ணியிலிருந்து தொடங்குங்கள் (இரண்டு அடி சேர்ந்தது ஒரு கண்ணி). பிள்ளைகள் ஓடிப்போவதற்குப் பெரும்பாலும் காரணம், தெரியாத பூட்டியின் பேரில் பாட்டு ஆரம்பிப்பதுதான். ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தன் தாயைத் தெரியும், அம்மம்மாவைத் தெரியும். அதற்கு மேல் எல்லாரும் வெறும் சத்தம். கடைசிக் கண்ணியை முதலில் பழக்கி, பிறகு அதற்கு முந்தியதை முன்னால் சேர்த்துக்கொண்டு போனால், பிள்ளை ஒவ்வொரு தடவையும் புதுக் கண்ணியில் தொடங்கித் தெரிந்த கண்ணிக்குள் வந்து விழும். தெரிந்த இடம் வரவரக் குரல் உயரும். முன்னாலிருந்து பழக்கினால் நடப்பது இதற்கு நேர்மாறு.

சொல்லிக்கொடுக்க முதல் பாட்டைச் செப்பனிட வேண்டும். கும்மி மெட்டு இதற்கு நல்ல பொருத்தம். அந்தாதியாகக் கட்டுங்கள், அதாவது ஒரு கண்ணி முடிகிற பேரில் அடுத்த கண்ணி தொடங்கட்டும். கீழே உள்ள பேர்கள் எடுத்துக்காட்டு மட்டும். உங்கள் பேர்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆற்றங் கரையில் பிறந்தவளாம் — எங்கள்
ஆச்சிக்கும் ஆச்சி வள்ளியம்மை;
வள்ளியம்மை பெற்ற பிள்ளை நாலில் — மூத்த
வடிவுக் கரசி பொன்னம்மா;
பொன்னம்மா கைப்பிடித் தேநடந்தாள் — எங்கள்
பூங்கொடி அம்மம்மா கண்மணியாள்;
கண்மணி பெற்றவள் எங்களம்மா — அவள்
கையைப் பிடித்தவர் நாங்களம்மா!

கவனித்துப் பாருங்கள், புதுப்பேர் எப்போதும் இரண்டாம் அடியின் மூன்றாம் சீரில், அதாவது மூன்றாம் தாளத் துண்டில், விழுகிறது, அடுத்த கண்ணியில் அதே பேர் முதல் சீரில் வருகிறது. இந்த இருக்கையை மாற்றாதீர்கள். புதுப்பேர் ஒரு கண்ணியில் நடுவிலும் இன்னொன்றில் முன்னாலும் வந்தால் பிள்ளை அங்கேதான் தடுக்கி நிற்கும். ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு அடியும் ஒரே எழுத்தினத்தில் தொடங்குவதும் (ஆற்றங் – ஆச்சி, பொன்னம்மா – பூங்கொடி) சும்மா அழகுக்கு இல்லை. முதல் அடியைப் பாடிய பிள்ளைக்கு அடுத்த அடியின் முதல் எழுத்தை எடுத்துக் கொடுப்பது மோனைதான்.

நீளமான பேர் வந்தால் சீரை நெருக்காமல் வீட்டில் கூப்பிட்ட பேரைப் போடுங்கள். பத்திரத்தில் உள்ள பேரைக் கொப்பியில் எழுதி வைக்கலாம். முஸ்லிம் குடும்பங்கள் 'அம்மம்மா' உள்ள இடத்தில் 'உம்மம்மா' என்று போட்டால் அளவு அப்படியே இருக்கும், இரண்டும் மூன்று நேரசை. ஒரு பாட்டில் எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். சித்தப்பாமார், பெரியப்பாமார் எல்லாரையும் ஏற்றினால் அது பாட்டாக இராது, வாக்காளர் இடாப்பாகிவிடும்.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் தாய்வழியே போவது இயல்பான வரிசை. தமிழர் பலரிடமும் முஸ்லிம்களிடமும் குடி, அதாவது தாய்வழிக் குலம், தாயிலிருந்துதான் பிள்ளைக்கு வருகிறது. வீடு வளவும் மகளுக்குச் சீதனமாகப் போவதால், பாட்டில் வருகிற பெண்கள் பலரும் ஒரே வளவில், அல்லது பக்கத்து வளவில் வாழ்ந்தவர்களாக இருப்பார்கள். இதைவிட நல்ல பாடநூல் எங்கே கிடைக்கும்? பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வளவைச் சுற்றுங்கள். இப்போதுள்ள வீட்டு வாசலில் கடைசிக் கண்ணி. அம்மம்மாவின் பழைய குசினி இருந்த இடத்தில் அதற்கு முந்தினது. கிணற்றடியில் பொன்னம்மா. பழைய அத்திவாரக் கல்லோ, ஒரு மாமரமோ மிஞ்சியிருந்தால் அங்கே வள்ளியம்மை. ஓரிடத்தில் நின்று ஒரு கண்ணியை மூன்று தரம் பாடிவிட்டு நகருங்கள். நாலு நாள் இப்படி நடந்த பிள்ளை, வகுப்பில் இருந்து பாடினாலும் மனதுக்குள் கிணற்றடிக்குப் போய்வரும். வளவு கைமாறிப் போனவர்கள், பிளட்டில் இருப்பவர்கள், ஒரு தாளில் வளவைக் கீறி விரலால் நடத்தலாம்.

அடுத்தது ஊஞ்சல். சித்திரை வருடப்பிறப்புக்குக் கட்டுகிற ஊஞ்சலை அவிழ்க்க வேண்டாம். ஊஞ்சல் ஒருதரம் போய்த் திரும்பி வர எடுக்கிற நேரத்தைக் கயிற்றின் நீளமே தீர்மானிக்கிறது. பிள்ளையின் பாரமோ, ஓரளவுக்கு மேலே போகாதவரை உயரமோ அதை அவ்வளவாக மாற்றாது. கொப்பிலிருந்து பலகை வரை எட்டடி என்றால் ஒரு போக்குவரவுக்கு 3 செக்கன் அளவு. மேலே உள்ள கண்ணியில் ஓர் அடிக்கு நாலு தட்டு. நிமிடத்துக்கு 75 முதல் 80 தட்டு என்ற நிதானமான வேகத்தில் ஓர் அடியும் 3 செக்கன்தான். ஆகவே ஒரு ஆட்டத்துக்கு ஓர் அடி கச்சிதமாகப் பொருந்தும், அவசரப்பட ஊஞ்சல் விடாது. 12 அடிக் கயிற்றில் ஒரு ஆட்டம் 4 செக்கனுக்குக் கொஞ்சம் குறைவு, பாட்டு இழுபடும். 5 அடிக் கயிற்றில் இரண்டரைச் செக்கன், சின்னவருக்கு வாய் வராது. ஆட்டிவிடுகிறவர் முதல் அடியைப் பாட, ஊஞ்சலில் இருக்கிற பிள்ளை இரண்டாம் அடியைப் பாடட்டும். ஐந்து வயதுப் பிள்ளை பேரை மட்டும் சொன்னால் போதும். பின்னால் வந்து நிற்கிற கணத்தில் மட்டும் தள்ளுங்கள், இடையில் தள்ளினால் தாளம் கெடும்.

பிள்ளைகள் அடிக்கடி விடுகிற பிழை ஒன்றுண்டு. கண்ணியின் இரண்டாம் அடியில் மூன்று சீரும் ஒரு மௌனமும் இருக்கிறது. அந்த மௌனத்தை விழுங்கிவிட்டு அடுத்த கண்ணிக்குப் பாய்வார்கள். நாலாம் கண்ணிக்கு வரும்போது மூச்சு முட்டும், பாட்டு வெறும் சத்தமாக மாறும். மௌனத்தை எண்ணச் சொல்லிப் பயனில்லை. அந்த இடத்தில் ஒரு வேலை கொடுங்கள்: தொடையில் ஒரு தட்டு, அல்லது 'ஓ' என்று ஒரு சத்தம்.

எட்டு வயதுக்காரருக்குக் கோல் கொடுக்கலாம். வசந்தன் கூத்தில் சிறுவர் கோலடித்து ஆடுவது இந்த மண்ணில் பழகிய காட்சி. ஒரு அடி நீளம், பெருவிரல் தடிப்பு, முனை இரண்டையும் தேய்த்து மழுக்கிய கோல் இரண்டு. எதிரே ஆளை நிறுத்தி: தன் கோல்கள் இரண்டும், எதிராளின் வலக்கோல், மறுபடி தன் கோல்கள், எதிராளின் இடக்கோல். இந்த நாலு கோலடியும் பாட்டின் ஓர் அடிக்குச் சரி. முதல் மூன்று நாள் கோலில்லாமல் பாட்டு, பிறகு பாட்டில்லாமல் கோல், அதற்குப் பிறகே இரண்டும் சேர. முதல் நாளே சேர்த்தால் கை வெல்லும், பேர்கள் தொலையும். ஐந்து வயதுக்குக் கோல் வேண்டாம், மூக்கில் படும். கும்மித் தட்டுப் போதும்.

சுருதியைப் பலர் கவனிப்பதில்லை. அம்மம்மாவின் குரல் வயதோடு இறங்கியிருக்கும், அப்பா பாடினால் இன்னும் கீழே. அந்த இடத்தில் பிள்ளையால் பாட முடியாது, முணுமுணுக்கும். பிறகு 'பிள்ளைக்குப் பாட்டு வராது' என்று முடிவுகட்டிவிடுவார்கள். இரண்டு கட்டைச் சுருதியில் (கீபோட்டில் D), பெண் குரல் இடத்தில், ச முதல் ப வரைக்குள் மெட்டு நின்றால் ஐந்து வயதுக்கும் எட்டும். ஆண்கள் சொல்லிக்கொடுத்தால் மூத்த பிள்ளையை முன்பாடவிட்டுச் சின்னவரைப் பின்பாடச் செய்யுங்கள்.

ஒரு நாளைக்கு ஏழெட்டு நிமிடம் போதும். விளக்கு வைத்து முடிந்த நேரம் நல்லது, ரியூசன் முடிந்து வந்த கையோடு வேண்டாம். இரண்டு நாளுக்கு ஒரு கண்ணி, மூன்றாம் நாள் புதிதாக ஒன்றும் இல்லை. நாலு கண்ணிக்கு இரண்டு கிழமை வரும்.

பாட்டு வந்த பிறகுதான் முக்கியமான சோதனை. "கண்மணியின் தாய் யார்?" என்று கேளுங்கள். பிள்ளை 'ஆற்றங் கரையில்...' என்று முதலிலிருந்து முணுமுணுத்துப் பதிலைத் தேடினால், கயிறு மட்டும் மனப்பாடம், முடிச்சுகள் இன்னும் தெரியவில்லை. இதற்கு ஒரு துணிப்பை விளையாட்டு. ஆளுக்கு ஒரு பொருள்: பன்பாய் இழைத்தவவுக்கு ஒரு பன் துண்டு, வட்டையில் வேலை பார்த்தவருக்கு நெற்கதிர், தோணியில் போனவருக்கு வலைக் கண்ணி, மருதமுனையில் தறி நெய்த வீடென்றால் நூல் கண்டு. கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும், எடுத்த ஆளின் கண்ணியை நேராகப் பாட வேண்டும். நெற்கதிரின் சொரசொரப்பு விரலில் பட்டதும் பிள்ளையின் முகம் மாறுகிற விதத்தைப் பாருங்கள், பேருக்கு ஓர் உடம்பு கிடைத்துவிடும்.

எட்டு வயதுக்குக் கட்டாயம் ஒரு கேள்வி வரும்: பெரியம்மாவின் மகன் அண்ணன் என்றால், மாமாவின் மகன் மட்டும் ஏன் மச்சான்? இதற்கு இரண்டு கண்ணி:

அம்மாவின் அக்கா பெரியம்மா — அவள்
ஆண்மகன் எங்களுக் கண்ணனடி;
அம்மாவின் தம்பி எங்கள்மாமா — அவர்
அன்பு மகன்எங்கள் மச்சானடி!

மண்ணில் ஒரு வட்டம் கீறி, நம் குடிக்காரர் எல்லாரும் உள்ளே என்று சொல்லுங்கள். அம்மா, அம்மம்மா, பெரியம்மா, அவவின் பிள்ளைகள் உள்ளே. மாமாவும் உள்ளே. மாமாவின் பிள்ளைகள் வெளியே, அவர்கள் மாமியின் குடி. அப்பாவும் வெளியே நிற்பார்! பிள்ளைகள் சத்தம்போட்டு அப்பாவை உள்ளே இழுப்பார்கள். இழுக்கட்டும், அதற்குள் விசயம் பிடிபட்டுவிடும். ஒரே குடிக்குள் கலியாணம் செய்யாத வழக்கத்தையும் பெரியவர்களான பிறகு இந்த வட்டத்தை வைத்தே விளங்கிக்கொள்வார்கள். ஆனால், எந்தக் குடி பெரிது, எது சிறிது என்ற வரிகள் பழைய பாட்டில் இருந்தால் எடுத்துவிடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை முன்னால் பாடக் கூசுகிற வரி பாட்டில் இருக்கக் கூடாது.

1957 வெள்ளம், 1978 நவம்பர் சூறாவளி, 2004 சுனாமி, இடம்பெயர்வுகள் — இவை இல்லாத குடும்பக் கதை இங்கே அரிது. இறந்த விதத்தைச் சின்னவர்களின் பாட்டில் வைக்க வேண்டாம். இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதை வையுங்கள்:

எழுபத் தெட்டில் காற்றடிக்க — எங்கள்
எல்லைத் தென்னையும் சாய்ந்ததடி;
சாய்ந்த மரத்தின் ஓலைகொண்டு — ஆச்சி
சாய்ப்புக் குடிசை கட்டினளாம்!

பிள்ளை கேட்டால் உள்ளதை அளவாகச் சொல்லுங்கள். கேட்காத நாளில் பாட்டோடு நிற்கட்டும். வீட்டில் ஒருவருக்கு அந்தக் கண்ணியில் குரல் அடைத்தால், அவரை வைத்துப் பழக்கவே வேண்டாம், வேறொருவர் பாடட்டும்.

கனடாவிலோ சுவிசிலோ உள்ள பிள்ளைகளோடு வட்சப் அழைப்பில் சேர்ந்து பாட முயல்வது வீண். குரல் பிந்தி வருவதால் ஒருவருக்கு மற்றவர் எப்போதும் பின்னாலேயே கேட்பார், தாளம் சேராது. அடிக்கு அடி மாறிப் பாடினால் பிரச்சினை இல்லை. பதிவுசெய்த பாட்டோடு சேர்ந்து பாடிப் பழகும் பிள்ளைக்கு, போன் நின்றதும் பாட்டும் நிற்கும். பதிவு பெரியவர்களுக்கு மெட்டை நினைவூட்ட மட்டும் இருக்கட்டும்.

அம்மம்மாவிடம் பழைய வரிகளைப் பதியும்போது மின்விசிறியை நிறுத்தி, போனை மேசையில் வைக்காமல் மடித்த துணியில் வையுங்கள். மேசையில் படும் தட்டெல்லாம் பதிவில் இடியாக விழும். ஒரே பாட்டை இரண்டு வேறு நாளில் பாடச் சொல்லுங்கள். வரிகள் மாறினால் இரண்டையும் கொப்பியில் எழுதி, யார் பாடியது, எந்தத் திகதி என்று பக்கத்தில் குறித்துவிட்டு, பிள்ளைகளுக்கு ஒன்றை மட்டும் பழக்குங்கள். கடைசியில் நாலைந்து பக்கம் வெறுமையாக விடுங்கள். எட்டு வயதுக்காரர் தானே ஒரு கண்ணி கட்டிக்கொண்டு வரும் நாளில் அதை அவர் கையெழுத்திலேயே அங்கே எழுத வேண்டும்.