வளவில வெட்சி வளர்க்கிற ஆக்களுக்கு: கேட்டதும் சொன்னதும்

திருகோணமலை உப்புவெளியில இருந்து: அக்கா, மதிலோரம் வரிசையா வெட்சி வச்சனான், குருத்திலை எல்லாம் மஞ்சளாகுது, நரம்பு மட்டும் பச்சையா நிக்குது. யூரியா போட்டும் சரிவரேல்ல.

யூரியாவை நிப்பாட்டுங்கோ தம்பி. அடியிலை மஞ்சளானா அது வேற கதை, குருத்து இப்பிடி நிண்டா இரும்புச்சத்துக் குறைதான். மண்ணில இரும்பு இருக்கும், ஆனா சுண்ணாம்பு கூடின மண்ணில வேரால அதை எடுக்க ஏலாது. கடற்கரை மணலில சிப்பித்தூள், மதில் சீமெந்தில இருந்து ஊறுற சுண்ணாம்பு, அதுக்கு மேல கிணத்துத் தண்ணி வேற (கேத்தில் அடியில வெள்ளையாப் படியுதோ எண்டு பாருங்கோ, படிஞ்சா அதுவும் சேர்த்தி). வெட்சிக்குக் கொஞ்சம் புளிப்பு மண் வேணும், பிஎச் (மண்ணின்ர புளிப்பை அளக்கிற எண், குறையக் குறைய புளிப்புக் கூட) ஆறுக்குக் கீழ இருந்தா சந்தோசமா நிக்கும். அன்னபேதியை (இரும்பு சல்பேற்று) இந்த மண்ணில கொட்டினா கெதியா இறுகிப் பிரயோசனமில்லாமப் போயிடும், அதால கீலேட் இரும்பு (இறுகிப் போகாம வேற சேர்வையால கட்டி வச்ச இரும்பு) வாங்கி பைக்கற்றில சொன்ன அளவுக்குக் கரைச்சு பின்னேரத்தில இலைக்கு அடியுங்கோ. அது இப்போதைக்குத்தான். மாரி தொடங்கினதும் கண்டுகளைக் கிளப்பி மதிலை விட்டு நாலடி தள்ளி, மக்கின சருகும் மாட்டெருவும் நிறையப் போட்டு நடுங்கோ, மழைத்தண்ணி பிடிக்கக் கூடினா அதையே ஊத்துங்கோ.

கன்னியா: எங்கட வளவு முழுக்க வேம்பும் பாலையும். நிழலுக்க பூக்குமோ?

சாகாது, ஆனா கும்மிருட்டில இலைதான் வரும். மரக்கூட்டத்தின்ர கிழக்குப் பக்க ஓரமா வையுங்கோ, காலமை வெயில் விழும், கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில மத்தியான வெக்கைக்கு மரம் மறைக்கும். ஒண்டு, தயவுசெய்து அடியில விழுற சருகைக் கூட்டி எரிக்காதேங்கோ, அதுதான் பசளை. முத்தத்தைக் கூட்டுங்கோ, மரத்தடியை விடுங்கோ!

சாம்பல்தீவு: மாசாமாசம் வடிவா வெட்டி விடுறம், பூவே இல்லை.

பூ நுனியிலதான் வரும். நீங்க மொட்டையெல்லோ வெட்டுறீங்கள். ஒரு சுத்துப் பூத்து முடிஞ்ச பிறகு மட்டும் வெட்டுங்கோ.

தம்பலகாமம்: காட்டில இருந்து கிளப்பிக்கொண்டு வரலாமோ?

வேண்டாம், ஒதுக்குக் காடெண்டா சட்டச்சிக்கலும் வரும். ஆரும் வச்சிருந்தா பென்சில் மொத்தத்தில அரைமுத்தல் தடி, அரையடி நீளம், மேல ரெண்டு இலையை மட்டும் விட்டு மணலும் தும்புத்தூளும் கலந்து நட்டு, அடி வெட்டின பிளாஸ்டிக் போத்தலால மூடுங்கோ. வேர் பிடிக்க ரெண்டு மாசமும் போகும், இழுத்து இழுத்துப் பாக்காதேங்கோ. கடையில இருக்கிற சின்ன இலை எக்ஸோரா (வெட்சியின்ர ஆங்கிலப் பேர்) அனேகமா வெளிநாட்டுச் சாதி, அடர்சிவப்புக் காட்டுச்சாதிதான் எங்கட.

உவர்மலை: மான்?

அதுக்கு என்னட்டயும் மருந்தில்லை. ஆளுயரம் வரும் மட்டும் கம்பிவலை அடியுங்கோ.