ஓய்வுக்கால வீடு: மருத்துவமனைக்கு எத்தனை நிமிடம்?

கேள்வி: எனக்கு 62 வயது, மனைவிக்கு 59. அடுத்த ஆண்டு வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறேன். இப்போதிருக்கும் வீட்டை விற்றால் வரும் பணம், சேமிப்பு, முதலீடு எல்லாவற்றையும் சேர்த்து 100 பங்கு என்று வைத்துக்கொண்டால், ஓய்வூதியம் போக வருடச் செலவில் துண்டு விழுவது 3 பங்கு. நான் ஆசைப்படும் இடம் மரமும் காற்றுமாக அமைதியானது. தோட்டத்துடன் தனி வீடு 25 பங்குக்குக் கிடைக்கிறது. ஆனால் நல்ல மருத்துவமனை அங்கிருந்து காரில் இரண்டு மணி நேரம். மனைவிக்குப் பிடித்திருப்பது மாநகரத்தில் பெரிய மருத்துவமனைக்குப் பத்து நிமிடத் தொலைவில் உள்ள ஃபிளாட். விலை 50 பங்கு. வாடகை என்றால் வருடத்துக்கு 1.5 பங்கு. எனக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உண்டு, மாத்திரையால் கட்டுக்குள் இருக்கின்றன. கார் ஓட்டத் தெரிந்தவன் நான் மட்டும்தான். ஓய்வு பெற்றவர்கள் மருத்துவமனைக்கு எவ்வளவு அருகில் இருக்க வேண்டும்?

பதில்: இரவு, ஞாயிறு, விடுமுறை என்று பாராமல் இயங்கும் அவசர சிகிச்சைப் பிரிவும், எந்நேரமும் எடுக்கக்கூடிய சி.டி. ஸ்கேனும் உள்ள ஒரு மருத்துவமனை உங்கள் வாசலிலிருந்து 30 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். இதயம், மூளை, புற்றுநோய் எனத் தனித்தனித் துறைகள் கொண்ட பெரிய மருத்துவமனை ஒன்றரை மணி நேரத்தில் இருந்தால் போதும். இவை பல குடும்பங்களின் கணக்கைப் பார்த்து நான் வகுத்துக்கொண்ட அளவுகள். மருத்துவ விதிகள் அல்ல. நீங்கள் சொல்லும் வீடுகளில் ஒன்று இந்த அளவுக்கு வெளியே நிற்கிறது. மற்றொன்று உங்கள் மொத்தப் பணத்தில் பாதியை விழுங்கிவிடுகிறது. இரண்டையும் இப்போது வாங்க வேண்டாம்.

'அருகில்' என்ற சொல்லை நம்பி ஏமாந்தவன் நான். ஓர் இரவு பத்து மணிக்கு, படித்த செய்தித்தாளை மடிக்கப்போன என் தந்தையின் வலது கை பாதியில் நின்றது. வாய் ஒரு பக்கமாகக் கோணியது. மருத்துவமனை 12 நிமிடத் தொலைவில் இருந்தது. அதற்காகவே அந்த வீட்டைத் தேடிப் பிடித்து அவரைக் குடிவைத்தவன் நான். போய்ச் சேர்ந்தால் ஸ்கேன் அறை பூட்டிக் கிடந்தது. அதை இயக்குபவர் காலையில்தான் வருவார் என்றார்கள். வேறு மருத்துவமனைக்குக் கடிதம் எழுதி வாங்கி, ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்து, ஏற்றி இறக்கிப் படம் எடுத்து முடிக்கும்போது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. கடைசிவரை அந்தக் கை அவருக்குத் திரும்பவில்லை.

பக்கவாதத்தில் அந்த ஐந்து மணி நேரத்துக்கு என்ன பொருள் என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். மூளைக்குப் போகும் குழாயை அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை, அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பெரிய குழாயில் அடைப்பு இருந்து, படத்தில் மூளையின் பகுதி இன்னும் பிழைத்திருப்பது தெரிந்தால், சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடக் குழாய் வழியாகக் கட்டியை எடுக்கிறார்கள். ஆனால் சிகிச்சை கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006-ல் வெளியான ஒரு கணக்கீடு சொல்கிறது. அடைப்பா, இரத்தக் கசிவா என்று ஸ்கேன் பார்க்காமல் மருந்தைத் தொடவே முடியாது. கசிவு உள்ளவருக்குக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. 12 நிமிடத்தில் இருக்கும் பூட்டிய அறையைவிட 35 நிமிடத்தில் இருக்கும் திறந்த அறை மேல்.

மாரடைப்பிலும் கதை இதுதான், ஒரு நல்ல வேறுபாட்டுடன். இதயக் குழாய் முழுதும் அடைத்துக்கொண்டால், உள்ளே பலூன் செலுத்தி அடைப்பைத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி சிறந்த வழி. அந்த வசதியுள்ள இடத்துக்கு நேராகப் போனால் 90 நிமிடத்துக்குள், வேறு மருத்துவமனை வழியாகப் போனால் 120 நிமிடத்துக்குள் குழாய் திறக்கப்பட வேண்டும் என்பது மருத்துவர்கள் வைத்துக்கொண்டுள்ள இலக்கு. அது முடியாது என்று தெரிந்தால், சிறிய மருத்துவமனையிலேயே இ.சி.ஜி. பார்த்து, கட்டி கரைக்கும் மருந்தைக் கொடுத்து, பிறகு பெரிய இடத்துக்கு அனுப்பலாம். எனவே 20 நிமிடத்தில் உள்ள ஒரு சுமாரான, ஆனால் விழித்திருக்கும் மருத்துவமனை உங்களுக்குப் பெரும் சொத்து. நீங்கள் ஆசைப்படும் இடத்தின் அருகே அப்படி ஒன்று இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் என் பதில் பாதி மாறும்.

இதயத் துடிப்பே நின்றுபோவது வேறு. அப்போது நெஞ்சை அழுத்தும் முதலுதவியும் மின் அதிர்ச்சியும் இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. மருத்துவமனைக்கு எதிர்வீட்டில் குடியிருந்தாலும் இந்தக் கணக்கில் நேரம் போதாது. பக்கத்தில் இருப்பவரின் கைகள்தான் முதல் மருந்து. நீங்கள் இருவரும் அந்த முதலுதவியை ஒரு நாள் ஒதுக்கி முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். ஃபிளாட்டுக்குத் தர நினைக்கும் 50 பங்கில் அதற்கு ஆகும் செலவு கண்ணுக்கே தெரியாது. ஆனால் அந்த ஃபிளாட்டால் வாங்க முடியாத சில நிமிடங்களை அது வாங்கித் தரும்.

இதுவரை சொன்னது அவசரத்தைப் பற்றி. வீடு தேடுகிறவர்கள் அனைவரும் அந்த ஓர் இரவை மட்டும் நினைத்துப் பயப்படுகிறார்கள். முதுமையில் மருத்துவமனைக்குப் போகும் நூறு நாள்களில் தொண்ணூற்றுக்கும் மேற்பட்டவை சைரன் ஒலிக்காத சாதாரண நாள்கள் என்பதே நான் கண்டது. குடும்பத்தின் பணமும் உடம்பும் கரைவது அங்கேதான்.

என்னிடம் ஆலோசனைக்கு வரும் ஒரு தம்பதி நீங்கள் விரும்புவதைப் போன்ற ஒரு வீட்டில்தான் குடியேறினார்கள். ஏழு ஆண்டுகள் மகிழ்ச்சியாக வாழ்ந்தார்கள். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பிறகு கணவருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. டயாலிசிஸ் வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம். மையம் 70 கிலோமீட்டரில் இருந்தது. அந்த அம்மையார் ஒரு பழைய நாட்குறிப்பில் ஒவ்வொரு பயணத்தையும் எழுதி வைத்திருந்தார்: தேதி, கிளம்பிய நேரம், வாடகைக் காரின் கட்டணம், கடைசிப் பத்தியில் 'தூங்கினார்' அல்லது 'வாந்தி'. போக வர 140, வாரத்துக்கு 420, ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 22,000 கிலோமீட்டர். பதினான்கு மாதம் எழுதியிருந்தார். பதினைந்தாம் மாதம் அவருக்கே முதுகு ஒத்துழைக்காமல் போய், வீட்டை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு நகரத்துக்கு வந்தார்கள். அந்த அவசர விற்பனையில் போன பணம், ஏழு ஆண்டு மலிவாக வாழ்ந்து மிச்சம் பிடித்ததைவிட அதிகம். நோயாளி படுத்துக்கொண்டாவது பயணம் செய்வார். உடன் போகிறவர் இருவருக்கும் சேர்த்து விழித்திருக்க வேண்டும்.

உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. சர்க்கரை நோய் சிறுநீரகத்தையும் கண்ணையும் காலையும் இதயத்தையும் மெல்லத் தொடும் நோய். ஆண்டுகள் ஏற ஏற உங்களுக்குச் சோதனைகளும் வருகைகளும் கூடத்தான் செய்யும். அவற்றின் செலவை வீட்டு விலையோடு சேர்த்துப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் அருகில் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. இடுப்பெலும்பு முறிந்தால் ஓரிரு நாளுக்குள் அறுவை சிகிச்சை நடக்க வேண்டும் என்பார்கள். அங்கே ஒரு மணி நேரப் பயணம் பெரிய வேறுபாடு செய்யாது. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு என்றால் பெரும்பாலும் வாரத்துக்கு ஐந்து நாள், சில வாரங்கள். அந்தச் சில வாரங்களுக்கு மருத்துவமனை அருகே அறை எடுத்துத் தங்கினால் முடிந்தது. அதற்காக ஃபிளாட் வாங்க வேண்டியதில்லை. திட்டமிட்டுச் செய்யும் பெரிய அறுவை சிகிச்சைக்கு, அதை அடிக்கடி செய்யும் இடத்தைத் தேடித் தூரம் போவதே நல்லது. எண்ணிக்கை அதிகமாகச் செய்யும் மருத்துவமனைகளில் சில அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு இறப்பு குறைவு என்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 1979-லேயே எழுதினார்கள்.

இனி பணத்துக்கு வருகிறேன். தோட்ட வீட்டை வாங்கினால் கையில் 75 பங்கு. அதிலிருந்து வருடம் 3 எடுப்பது 4 சதவீதம். ஃபிளாட்டை வாங்கினால் கையில் 50. அதே 3 பங்கு 6 சதவீதமாகிவிடும். 1994-ல் வில்லியம் பெங்கன் என்ற ஆலோசகர் அமெரிக்கச் சந்தையின் பழைய கணக்குகளை எடுத்துப் பார்த்தார். முதல் ஆண்டு முதலீட்டில் சுமார் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கேற்ப உயர்த்திக்கொண்டு போனால் 30 ஆண்டு தாங்கும் என்று கண்டார். எல்லா நாட்டுக்கும் அப்படியே பொருந்தும் சட்டம் அல்ல அது. இருந்தும் 6 சதவீதம் என்றால் முதலுக்கே மோசம் என்று தயங்காமல் சொல்வேன், குறிப்பாக உங்கள் மனைவிக்கு 59 வயதுதான் எனும்போது. இந்தப் பணம் அவருக்கு 90 வயது வரை உழைத்தாக வேண்டும். மருத்துவமனைக்குப் பக்கத்தில் வீடு இருந்து, அங்கே கட்டக் கையில் பணம் இல்லை என்றால் அந்தப் பத்து நிமிடத்தால் என்ன பயன்? வீட்டின் ஒரு சுவரைப் பெயர்த்து விற்றுக் கட்டணம் செலுத்த முடியாது.

அதே ஃபிளாட்டை வாடகைக்கு எடுத்தால் 100 பங்கும் முதலாகவே இருக்கும். வருடத் தேவை 4.5. வாடகை ஏறும் என்பதால் இதுவும் கொஞ்சம் இறுக்கம்தான். எனவே என் விருப்பம் மூன்றாவது வழி. இரண்டுக்கும் நடுவில், முன்பு சொன்ன இரண்டு அளவுகளுக்கும் பொருந்தும் ஒரு நடுத்தர ஊரைத் தேடுங்கள். அங்கே ஓராண்டு வாடகைக்கு இருங்கள். வாடகை வருடத்துக்கு 1 பங்குக்குள் அடங்கினால் மொத்தம் 4 சதவீதத்தில் நிற்பீர்கள். ஊர் ஒத்துவந்தால் 30 பங்குக்கு மேற்படாமல் வாங்குங்கள். மீதி 70-ல் 3 என்பது 4.3 சதவீதம், சமாளிக்கலாம். எதை வாங்கினாலும் 6 பங்கை மருத்துவத்துக்கென்று தனியே, ஒரே நாளில் எடுக்கக்கூடிய இடத்தில் வையுங்கள். சந்தை ஏறுகிறது என்று அதைத் தொடாதீர்கள்.

ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது வீட்டுத் தரகர் சொல்லும் நிமிடக் கணக்கை நம்பாதீர்கள். மழை பெய்யும் ஒரு மாலையிலும் ஞாயிறு இரவு பதினொரு மணிக்கும் நீங்களே ஓட்டிப் பாருங்கள். மருத்துவமனை வரவேற்பில் நின்று, இந்த நேரத்தில் ஒருவருக்குப் பக்கவாதம் என்றால் இங்கேயே ஸ்கேன் எடுத்து மருந்து கொடுப்பீர்களா, வேறு இடத்துக்கு அனுப்புவீர்களா என்று கேளுங்கள். அனுப்புவோம் என்றால் எங்கே, யாருடைய ஆம்புலன்ஸில் என்று கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், நான் கேட்காமல் விட்ட கேள்வி அது. உங்கள் காப்பீட்டு நிறுவனம் முன்பணமின்றிச் சேர்க்கும் பட்டியலில் அந்த மருத்துவமனை இருக்கிறதா, ஏற்கெனவே உள்ள சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் காத்திருப்புக் காலம் முடிந்துவிட்டதா என்பதையும் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் தொந்தரவு செய்த வரி, கார் ஓட்டத் தெரிந்தவர் நீங்கள் மட்டும் என்பது. நோயாளியாகும் வாய்ப்பு அதிகம் உள்ளவரே ஓட்டுநராகவும் இருக்கிறீர்கள். நெஞ்சு வலிக்கும்போது நீங்கள் ஓட்டக்கூடாது. அவரால் ஓட்ட முடியாது. அப்போது 30 நிமிடம் என்பது ஆம்புலன்ஸ் வந்து சேரும் நேரத்தையும் கூட்டிய கணக்காகிவிடும். அவர் ஃபிளாட்டைக் கேட்பது வசதிக்காக அல்ல என்று நினைக்கிறேன். நீங்கள் இல்லாத ஒரு நாளை அவர் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறார்.

ஆகவே வீடு பார்ப்பதற்கு முன்பு ஒன்று செய்யுங்கள். நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஊரில் ஓரிரு நாள் தங்கி, உங்கள் மனைவி அங்கிருந்து மருத்துவமனைக்குத் தனியாக, பஸ்ஸிலோ வாடகைக் காரிலோ போய் ஒரு சாதாரணப் பரிசோதனையை முடித்துக்கொண்டு திரும்பி வரட்டும். நீங்கள் வீட்டிலேயே இருங்கள். வந்ததும் அவர் என்ன சொல்கிறார் என்று எனக்கு எழுதுங்கள். மற்ற கணக்குகளை அதன் பிறகு போடுவோம்.