மூணு தலகாணி வெச்சாத்தான் தூக்கம் வருதா? அப்போ இன்னிக்கே கிளம்புங்க

கேள்வி: வயசு 27, இது 24ஆவது வாரம், முதல் பிரசவம். செக்கப்புல நெஞ்சுல ஏதோ சத்தம் கேக்குதுன்னு இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்கச் சொன்னாங்க. மைட்ரல் வால்வு சுருங்கியிருக்கு, ஏரியா 1.3னு ரிப்போர்ட் வந்துச்சு. சின்ன வயசுல மூட்டு வீங்கி காய்ச்சல் வந்தது உண்டு. மெட்டோப்ரோலால் மாத்திரை குடுத்தாங்க, குழந்தைக்கு ஆகாதுன்னு வீட்ல சொன்னதால 10 நாளா நிறுத்திட்டேன். சிசேரியன்தான் பண்ணணும், நானே ஆஸ்பத்திரில தேதி வாங்கித் தரேன்னு தெரிஞ்சவர் ஒருத்தர் சொல்றார். என்ன செய்யலாம்? தாய்ப்பால் குடுக்கலாமா? இப்போ மூணு தலகாணி வெச்சாத்தான் தூக்கம் வருது.

பதில்: கடைசி வரியில எழுதியிருக்கீங்களேம்மா, அது முதல் வரியில வந்திருக்கணும். வயிறு பெருசாகறப்போ மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கறது எல்லாருக்கும் உள்ளதுதான், மாடிப்படி ஏறினா நின்னு நின்னு ஏறுவாங்க, அதெல்லாம் சரி. ஆனா மட்டமா படுக்க முடியல, தலையை உயர்த்தினாத்தான் மூச்சு விட முடியுதுன்னா நுரையீரல்ல நீர் தேங்க ஆரம்பிச்சிருக்கலாம். அதனால இதைப் படிச்சு முடிச்சதும் டாக்டருக்கு போன் பண்ணிட்டு இன்னிக்கே போய்டுங்க, அடுத்த செக்கப் தேதி வரட்டும்னு உக்காந்திருக்காதீங்க. நடுராத்திரி மூச்சுத் திணறி எழுந்து உக்கார்றது, இருமினா ரத்தம் கலந்த சளி, மயக்கம், நெஞ்சு படபடன்னு அடிச்சு நிக்கவே மாட்டேங்கறது, இதுல ஒண்ணு வந்தாலும் போன்கூட வேணாம், நேரா எமர்ஜென்சி.

ஏன் இப்படி ஆகுதுன்னா, அந்த வால்வு ஒரு கதவு மாதிரி. நல்லா இருக்கறவங்களுக்கு 4 லேர்ந்து 6 சதுர சென்டிமீட்டர் வரைக்கும் திறக்கும், உங்களுக்கு 1.3தான் திறக்குது. கர்ப்பத்துல உடம்புல ஓடற ரத்தமே கிட்டத்தட்ட பாதி மடங்கு கூடிடும், துடிப்பும் நிமிஷத்துக்கு 10, 20 ஏறும். இதயம் வேகமா துடிச்சா கதவு திறந்திருக்கற நேரம் குறையும், ரத்தம் அந்தப் பக்கம் போக முடியாம பின்னாடி நுரையீரல்லயே தேங்கும். இத்தனை வருஷம் ஓடியாடி வேலை செஞ்சப்போ தெரியாத வால்வு இப்போ தெரியறது இதனாலதான். இன்னும் சில வாரத்துக்கு இந்தச் சுமை ஏறும், இறங்காது.

இப்போ அந்த மாத்திரை. துடிப்பை அடக்கி கதவுக்கு நேரம் வாங்கிக் குடுக்கறதுதான் அதோட வேலை, உங்க நோய்க்கு அதுதான் முதல் மருந்தே. குழந்தை கொஞ்சம் எடை கம்மியா பிறக்கலாம், பிறந்ததும் சுகர் பார்த்துக்கணும், அவ்ளோதான். அதே வகையில அட்டெனோலால்னு ஒண்ணு இருக்கு, அதைத்தான் கர்ப்பத்துல தவிர்ப்போம். பிரஷர் மாத்திரைல 'பிரில்'னு முடியறது, 'சார்ட்டன்'னு முடியறது கூடவே கூடாது. யாரோ அதைக் கேட்டுட்டு வந்து எல்லா இதய மாத்திரைக்கும் சேர்த்து பூட்டு போட்டுட்டாங்க! 10 நாள் விட்டதுக்காக ரெண்டு ரெண்டா போட்டுக்காதீங்க, எந்த அளவுல திரும்ப ஆரம்பிக்கறதுன்னு டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். மாத்திரைக்கு அடங்கலைன்னா பலூன் விட்டு வால்வை விரிக்கறது இருக்கு, 20 வாரம் தாண்டினா எக்ஸ்ரே படாம வயித்தை மறைச்சுட்டே பண்ணலாம், எல்லா வால்வும் அதுக்கு ஒத்துவராது. வால்வு இப்படி சுருங்க பெரும்பாலும் காரணமா இருக்கற அந்தப் பழைய மூட்டுக் காய்ச்சலுக்கு பெனிசிலின் ஊசி ஓடிட்டிருந்தா அதையும் நிறுத்தாதீங்க, குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது.

ஒரே ஒரு விதிவிலக்கு சொல்லியே ஆகணும், இதைப் படிக்கற வேற யாருக்காவது உதவும். உலோக வால்வு வெச்சு, ரத்தம் கட்டாம இருக்க வார்ஃபரின் சாப்பிடறவங்களுக்கு "மாத்திரையைத் தொடருங்க"ன்னு நான் மேல சொன்னது அப்படியே பொருந்தாது. வார்ஃபரின் 6 லேர்ந்து 12 வாரத்துக்குள்ள குழந்தையோட உருவாக்கத்தைக் கெடுக்கலாம், ஒரு நாளைக்கு 5 மில்லிகிராமுக்கு மேல போனா அந்த ஆபத்து இன்னும் அதிகம். அதுக்குன்னு பயந்து தானா நிறுத்தினா வால்வுலயே ரத்தம் கட்டி அம்மாவோட உயிருக்கே வந்துடும். திரும்பவும் சொல்றேன், தானா நிறுத்தவே கூடாது. நாள் தள்ளிப்போச்சுன்னு தெரிஞ்ச அன்னிக்கே போங்க, ரத்தம் கட்டாம இருக்கற ஹெப்பாரின் ஊசிக்கு மாத்தறதா, குறைஞ்ச அளவுல மாத்திரையே தொடர்றதான்னு அவங்க முடிவு பண்ணுவாங்க. ஊசிக்கு மாத்தினா ரத்தப் பரிசோதனை பண்ணி அளவை மாத்திட்டே இருக்கணும், ஒரே அளவுல போட்டுட்டு வீட்ல இருக்கற விஷயம் இல்ல. 36 வாரம் வாக்குல எப்படியும் ஊசிக்கு வந்தாகணும்.

சிசேரியன் தேதி வாங்கித் தர்றவர் விஷயத்துக்கு வரேன். இந்த ஆளுங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு வெறுத்தே போச்சு. இதயத்துல கோளாறு உள்ள பெண்கள்ல முக்கால்வாசி பேருக்கு சுகப்பிரசவம்தான் நல்லது, ரத்த இழப்பு கம்மி, தொற்றும் கம்மி. வலி தெரியாம முதுகுல ஊசி போட்டு, கடைசியில ரொம்ப முக்க விடாம ஆயுதம் போட்டு எடுத்துடலாம். எப்படி பிரசவம்னு முடிவு பண்ண வேண்டியவங்க மூணு பேர், பிரசவ டாக்டர், இதய டாக்டர், மயக்க டாக்டர். கமிஷன் வாங்கறவர் அந்த லிஸ்ட்லயே இல்ல. அவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க: "அங்க ராத்திரி ரெண்டு மணிக்கு எனக்கு மூச்சுத் திணறினா இதய டாக்டர் வருவாரா?" பதில் இழுத்தா போனை வெச்சுடுங்க. "கர்ப்பகால ஹார்ட் பேக்கேஜ்"னு இருபது டெஸ்ட்டை அடுக்கற ஆளுங்களும் இதே ரகம்தான். உங்களுக்கு இப்போ வேண்டியது திரும்ப ஒரு எக்கோ, ஒரு ஈசிஜி, ஹீமோகுளோபின். எக்கோல கதிர்வீச்சு கிடையாது, எத்தனை தடவை வேணா எடுக்கலாம்.

எங்க ஆளுங்க மேலயும் தப்பு இருக்கு, மறைக்கல. பிரசவ டாக்டர் "கார்டியாக் ஃபிட்னஸ் வாங்கிட்டு வா"ன்னு சீட்டு எழுதுவார், இதய டாக்டர் "பிரசவ டாக்டர் முடிவு"ன்னு அதே சீட்டுக்குப் பின்னாடி எழுதி அனுப்புவார். மடிச்சு மடிச்சு கிழிஞ்சுபோன அப்படி ஒரு சீட்டோட ஒரு பொண்ணு 34ஆவது வாரத்துல என் ரூமுக்கு வந்து நின்னா, கையில மூணு எக்கோ, மூணும் ஒண்ணையே சொல்லுது, யாரும் ஒரு மாத்திரை எழுதல. உங்களை அப்படி அலைய விட்டா ரெண்டு டாக்டரையும் ஒருத்தர்கிட்ட ஒருத்தர் போன்ல பேசச் சொல்லுங்க, கூச்சமே படாதீங்க.

பிரசவம் முடிஞ்சா ஆபத்து முடிஞ்சுதுன்னு நினைக்கறதும் தப்பு. கர்ப்பப்பை சுருங்கறப்போ அங்க இருந்த ரத்தம் மொத்தமா இதயத்துக்குத் திரும்பும், முதல் ரெண்டு மூணு நாள்தான் உங்க மாதிரி வால்வுக்கு நிஜமான பரீட்சை. எல்லாரும் கிளம்பற மாதிரி மறுநாளே டிஸ்சார்ஜ் கேக்காதீங்க.

தாய்ப்பால் தாராளமா குடுக்கலாம், மெட்டோப்ரோலால் தடை இல்ல. போறப்போ எக்கோ ரிப்போர்ட்டையும் மாத்திரை அட்டையையும் கையோட எடுத்துட்டுப் போங்க. எத்தனை நாளா நிறுத்தினீங்க, எத்தனை தலகாணின்னு அங்கயாவது முதல் வரியிலயே சொல்லிடுங்க.